இறந்தவர் பேரில் வந்த ரிசல்ட்

“இந்த ரிசல்ட்டை யார்கிட்ட கொடுக்கிறது மேடம்?”

கேட்டவர் டாக்டர் தெய்வேந்திரன். அவர் குரலில் கேள்வியைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது.

பேராசிரியர் மெஹருன்னிசா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“பேஷண்ட் பேர் போட்டிருக்குமே.”

“பேர் இருக்கு. ஆள் இல்லை. காலையில இறந்துட்டார்.”

“யாரு?”

“பெயிண்டர் ஒச்சப்பன். பிடரியில தோல் எடுத்தோமே, அவர்தான்.”

“என்ன வந்திருக்கு?”

“ரேபிஸ். பாசிட்டிவ்.”

இப்போது அவர் தலையைத் தூக்கினார்.

இந்தக் கதையில் சீடருக்குத்தான் வயது அதிகம். தெய்வேந்திரனுக்கு ஐம்பது நெருங்குகிறது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாதி ஆயுளைக் காய்ச்சல்காரர்களோடு கழித்துவிட்டு, அந்தக் காய்ச்சல்களுக்கெல்லாம் என்ன பேர் என்று தெரிந்துகொள்ளலாம் என்று, இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மேல்படிப்பு படிக்க வந்தவர் அவர். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் பள்ளிக்கூடமா என்று வீட்டில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார். இப்போது சிரிப்பு வருவதில்லை.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்குச் சலிச்சுப்போச்சு மேடம். திரும்பிப் போயிரலாம்னு பார்க்கிறேன்.”

“ம்.”

“அங்க பேர் தெரியாமத்தான் வைத்தியம் பார்த்தேன். டெங்குவா, சிக்குன்குனியாவா, வெறும் சளிக்காய்ச்சலா, எதுவும் தெரியாது. கஞ்சி குடி, தண்ணி நிறையக் குடி, படுத்துக்கோன்னு சொல்லுவேன். முக்கால்வாசிப் பேர் எழுந்து நடந்து போயிருவாங்க. தட்டம்மையைக் கண்ணால பார்த்துச் சொன்னேன். பொன்னுக்கு வீங்கியைக் கையால தொட்டுச் சொன்னேன். இங்க எல்லாத்துக்கும் பேர் தெரியுது. ஆள்தான் இருக்கமாட்டேங்கிறான்.”

மெஹருன்னிசா கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். அவரும் களைத்துத்தான் இருந்தார். மழை பிடித்ததிலிருந்து காய்ச்சல் வார்டிலிருந்து ரத்த மாதிரிக் குப்பிகள் கூடை கூடையாக வந்துகொண்டிருந்தன.

“ரிசல்ட்டை உரியவங்ககிட்ட கொடுத்துட்டு வாங்க சார்.”

“உரியவங்கன்னா யாரு?”

அவர் மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டார்.

தெய்வேந்திரன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனார்.

ஒச்சப்பன் படுத்திருந்த கட்டிலில் அதற்குள் வேறொருவர் படுத்திருந்தார். வார்டு டாக்டர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ரேபிஸா? தண்ணியைப் பார்த்து மிரளவே இல்லையே சார். ஃபேன் காத்துக்குக்கூட ஒண்ணும் பண்ணலை. கேட்டுக் கேட்டுத் தண்ணி குடிச்சார்.”

உண்மைதான். முதலில் காய்ச்சல் வந்தது. வலது கையில் ஊறலும் எரிச்சலும் இருந்தன. பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். பிறகு கால் தளர்ந்தது. தளர்ச்சி இடுப்புக்கு ஏறி, மார்புக்கு ஏறியது. நரம்பு வாதம் என்று எழுதினார்கள். நாய் எதுவும் கடித்ததா என்று வந்த டாக்டரெல்லாம் மனைவியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். இல்லை என்று அவர் சொன்னார். மிரளாமல், அலறாமல், ஊமையாக வருகிற வெறிநாய்க்கடியும் உண்டு. கையில் ஊறல் என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்டுவிட்டு, பிடரியில் முடி முளைக்கும் இடத்திலிருந்து கடுகளவு தோல் எடுத்து வரச் சொன்னவர் மெஹருன்னிசா.

“கேஸ் முடிஞ்சுபோச்சு சார். ஃபைல்ல வச்சிருங்க” என்றார் வார்டு டாக்டர்.

தெய்வேந்திரன் வைக்கவில்லை. பிணவறைப் பக்கம் நடந்தார்.

வெளியே புங்க மரத்தடியில் ஒச்சப்பனின் மனைவி பொன்னழகி உட்கார்ந்திருந்தார். அழுது முடித்துவிட்ட முகம். மடியில் எட்டு வயது மகள் மோனிஷா சாய்ந்திருந்தாள். உடலை வாங்கிப்போக உறவுக்காரர்கள் வண்டிக்கு அலைந்துகொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் தெய்வேந்திரன் லேபுக்குத் திரும்பி வந்தார். காகிதம் அவர் கையிலேயே இருந்தது.

“வாங்கிக்கலையா?”

“இல்லை மேடம். நாய் ஏதாவது கடிச்சுதாம்மான்னு ஆரம்பிச்சேன். சட்டுன்னு பிள்ளையோட காது ரெண்டையும் பொத்திட்டாங்க. நாயெல்லாம் ஒண்ணும் இல்லைன்னுகூடச் சொல்லலை. தலையை மட்டும் ஆட்டினாங்க. போங்க போங்கன்னு கையைக் காட்டினாங்க. அப்பன் செத்த விவரம் பிள்ளை காதுல விழ வேண்டாம்னு நினைக்கிறாங்க போல. எனக்கே பாவமா இருந்துச்சு. வந்துட்டேன்.”

“யார் காதை?”

“பிள்ளை காதை.”

“தன் காதைப் பொத்தலையா?”

“இல்லையே.”

மெஹருன்னிசா கையுறையைக் கழற்றிப் போட்டார். பைப்பைத் திறந்து கை கழுவினார்.

“வாங்க.”

“மேடம், வேலை நிறையக் கிடக்கு…”

அவர் அதற்குள் படி இறங்கிவிட்டார்.

மரத்தடியில் நாற்காலி எதுவும் இல்லை. மெஹருன்னிசா பொன்னழகிக்கு எதிரே மண்ணிலேயே உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டில் புங்கம்பூ உதிர்ந்தது.

“பிள்ளைக்கும் மருந்து கொடுத்தீங்களா அக்கா?”

பொன்னழகி நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த மருந்து?”

“அவருக்குக் கொடுத்த அதே மருந்து.”

பொன்னழகியின் கை மகளின் காதுப் பக்கம் போனது.

“நான் அந்தப் பேரைச் சொல்லலை” என்றார் மெஹருன்னிசா. “பயப்படாதீங்க.”

கை காதோரத்திலேயே நின்றது.

“கொடுத்தோம் டாக்டரம்மா” என்றார் பொன்னழகி மெல்ல. “ரெண்டு பேருக்குந்தான். நாட்டு வைத்தியர் வீட்டுல பச்சிலையை அரைச்சுப் பால்ல கலந்து கொடுத்தாக.”

“பத்தியம் சொல்லியிருப்பாங்களே? எங்க ஊர்லயும் சொல்லுவாங்க.”

“சொன்னாக. மீனு, முட்டை ஆகாது. எண்ணெய் தேய்க்கக்கூடாது. மருந்து குடிச்சவுக காதுல அது பேரு விழக்கூடாது. வீட்டுல யாரும் வாயால சொல்லவும் கூடாது. சொன்னா மருந்து முறிஞ்சிரும்னாக.”

தெய்வேந்திரன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

வார்டில் அத்தனை டாக்டர்கள் கேட்டார்கள். அத்தனை பேருக்கும் இந்தப் பெண் இல்லை என்று சொன்னது கணவனைக் காப்பாற்றத்தான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன்னிடம் வாய் திறக்காமல் இருந்தது மகளைக் காப்பாற்ற.

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

“ஏம்மா, இதை மட்டும் முன்னாடியே…” என்று தொடங்கினார்.

மெஹருன்னிசா கையைத் தூக்கி அவரை நிறுத்தினார்.

“அக்கா, அவுக மீனு முட்டை தொட்டாகளா?”

“தொடலை.”

“எண்ணெய்?”

“ம்ஹூம்.”

“அந்தப் பேரைச் சொன்னாகளா?”

“ஒரு தடவைகூடச் சொல்லலை. தெருவுல அது குரைச்சாக்கூட எந்திரிச்சு உள்ள போயிருவாக.”

“நீங்க சொன்னீங்களா?”

“சத்தியமாச் சொல்லலை டாக்டரம்மா. நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க அக்கா கேட்டுச்சு, பெரிய டாக்டர் கேட்டாரு. யாருகிட்டயும் மூச்சு விடலை.”

“பத்தியம் எங்கயாச்சும் தப்புச்சா?”

“தப்பலை.”

மெஹருன்னிசா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தெய்வேந்திரனைப் பார்த்து, காகிதத்தைக் கொடுக்கும்படி கண்ணைக் காட்டினார்.

அவர் குனிந்து கொடுத்தார். பொன்னழகி மறு கையால் வாங்கிக்கொண்டார். ஆங்கில எழுத்துகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவனின் பேர் இருக்கும் இடம் எது என்று கேட்டார். தெய்வேந்திரன் விரல் வைத்துக் காட்டினார்.

“என்ன போட்டிருக்கு?”

“அந்த நோய்தாம்மா. அதேதான்.”

“மருந்து கொடுத்தும்?”

“கொடுத்தும்.”

பொன்னழகி பிணவறைக் கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மெஹருன்னிசா அவசரப்படுத்தவில்லை. அவசரம் அவருக்கு இல்லாமலில்லை. முழங்காலில் வைத்திருந்த அவர் விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன.

பொன்னழகி மகளின் காதோரத்தில் வைத்திருந்த கையை எடுத்தார்.

“நாய்க்குட்டி” என்றார்.

சொன்னதும் உடம்பு குலுங்கி அழுதார். வார்டில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தது.

“பெயிண்ட் அடிக்கப் போன வீட்டுல கிடந்துச்சுன்னு தூக்கிட்டு வந்தாக. இம்புட்டுக்காணும் இருக்கும். பால் குடிக்க வைக்கையில அவுக கையைக் கடிச்சிருச்சு. இவளையும் கடிச்சிருச்சு. பல்லே சரியா முளைக்கலை, குட்டிதானேன்னு இருந்துட்டோம். ஒரு வாரத்துல அதுவே செத்துப்போச்சு. அப்புறந்தான் பயந்து போயி மருந்து வாங்கினோம்.”

மெஹருன்னிசா எழுந்து மண்ணைத் தட்டினார்.

“பிள்ளைக்கு இப்பவே ஊசி போடணும் அக்கா. கடிச்ச இடத்துலயும் போடணும். நேரம் இருக்கு. அதை விட்டுரக் கூடாது.”

“போட்டா பிழைச்சுக்கிருவாளா?”

“இன்னும் நோய் வரலை. வர்றதுக்கு முன்னாடி போட்டுருவோம்.”

பொன்னழகி மகளைத் தூக்கி நிறுத்தினார். மோனிஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேசக்கூடாது என்று இத்தனை நாளும் சொல்லி வைத்திருந்த அம்மாவே அந்தப் பேரைச் சொல்லிவிட்டாள். அவள் அம்மாவின் வாயையே பார்த்தாள்.

தெய்வேந்திரன் அவள் முன்னால் முழங்கால் மடித்து உட்கார்ந்தார். மூட்டு வலித்தது. உட்கார்ந்தார்.

“எங்கம்மா கடிச்சுது?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். மோனிஷா பாவாடையை ஒதுக்கிக் கணுக்காலைக் காட்டினாள். புள்ளி மாதிரி ஒரு தழும்பு. யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

“வலிச்சுதா?”

“இல்லை. விளையாட்டுக்குத்தான் கடிச்சுச்சு.”

“சரி, வா. ஊசி போட்டுக்கலாம்.”

அவர் அவள் கையைப் பிடித்தார். அவள் நகரவில்லை.

“எனக்கு மட்டுமா ஊசி?” என்றாள்.

தெய்வேந்திரன் எழுந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

“வேற யாரையும் கடிச்சுதா?”

“நாங்க எல்லாருந்தான அதுகூட விளையாடுவோம்.”

“எல்லாரும்னா யாரு கண்ணு?”

மோனிஷா அவர் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டாள். வானத்தைப் பார்த்து யோசித்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக மடக்க ஆரம்பித்தாள்.