கூட்டாமலே ஜெயிச்ச அண்ணாச்சி

அந்தக் காலத்துல, கம்ப்யூட்டருக்கு வேலை சொல்ற மொழிங்களுக்கெல்லாம் கையும் காலும் இருந்துச்சு, வாயும் இருந்துச்சு. நம்மள மாதிரியே வாய்தான் கொஞ்சம் அதிகம்.

மரகதவல்லி அக்கா கிட்ட இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுக்குள்ள மூணு பேர் குடித்தனம். மூத்தவரு சி அண்ணாச்சி. அவரு வாயைத் திறந்தா அதட்டல்தான். அடுத்தது ஜாவா மாமா, பேச்செல்லாம் கொங்குப் பக்கம். கடைசியா வந்து சேந்த சின்னது பைத்தான். எல்லாருக்கும் புரியுற மாதிரி அழகாப் பேசும். வேலைன்னு வந்தா மட்டும் ஆமைக்கு அக்கா.

ஒரு நாள் கம்ப்யூட்டர் தோசைக்கல்லு கணக்கா காய்ஞ்சுபோச்சு. தொட்டுப் பாத்த அக்கா கையை உதறினாங்க.

"உங்கள்ல ஒருத்தர் ஆடி அசைஞ்சு வேலை பாத்து இதைக் காய வைக்கிறீங்க. நாளைக்குக் காலையில பந்தயம். ஒண்ணுல இருந்து நூறு கோடி வரைக்கும் ஒண்ணொண்ணா கூட்டணும். கடைசியா வர்ற ஆளை அழிச்சிடுவேன், ஆமா!"

அழிக்கிறதுன்னா வெளிய துரத்துறது இல்ல. இப்படி ஒண்ணு இருந்துச்சான்னு கேக்குற அளவுக்குத் துடைச்சுப் போடுறது. 

அண்ணாச்சி அன்னைக்குச் சாயங்காலமே சம்மணம் போட்டு உக்காந்தாரு. அக்கா எழுதி வச்ச கேள்வியை முழுசாப் படிச்சு, மெஷினோட பேச்சுக்கு மாத்தி, நெஞ்சுக்குள்ள பூட்டிக்கிட்டாரு. அவரு பழக்கம் அப்படி. பைத்தானுக்கு அது வராது. ஒரு வரி படிக்கும், மாத்தும், ஒரு அடி வைக்கும். திரும்ப அதே வரியைப் படிக்கும், மாத்தும், இன்னொரு அடி. நூறு கோடி அடியை நெனச்சாலே அதுக்கு மூச்சு முட்டுச்சு.

"என்னட்டி, இப்பமே வெடவெடன்னு ஆடுத?"ன்னாரு அண்ணாச்சி.

"குளிருது அண்ணாச்சி."

"கம்ப்யூட்டரு கொதிக்கி, ஒனக்குக் குளிருதாக்கும்!"

விடிஞ்சுது. அக்கா கடிகாரத்தை அமுக்கினாங்க. "ம், ஓடுங்க!"

"முடிஞ்சிட்டு"ன்னாரு அண்ணாச்சி.

அக்கா கடிகாரத்தைப் பாத்தாங்க. முள்ளு அசையவே இல்ல. ஒரு உலுக்கு உலுக்கிக் காதுல வச்சுப் பாத்தாங்க. நல்லாத்தான் ஓடுச்சு.

"இருங்க கண்ணு, முட்டி புடிச்சிருக்குதுங்க, சூடேறுனாப் பாருங்க"ன்னு நொண்டிக்கிட்டே கிளம்பின ஜாவா மாமா, கொஞ்ச தூரம் போனதும் காத்தாப் பறந்து முடிவுக் கோட்டைத் தொட்டுட்டாரு.

பைத்தான் மட்டும் தனியா ஓடுச்சு. படி, மாத்து, வை. படி, மாத்து, வை. அழிக்கிற பொத்தான் மேல அக்கா விரலை வச்சுட்டுக் காத்திருக்கிறது அங்க இருந்தே தெரிஞ்சுது. பாதியில நின்னுட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா என்ன? யாரு பாக்கப் போறா? நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா எண்ணிக்கிட்டு இருந்த எண்ணை நடுவுல விட மனசு வரல. ஓடி முடிச்சு, கோட்டுல வந்து விழுந்துச்சு.

"அக்கா... ஐயாயிரம் கோடி கோடியே ஐம்பது கோடி."

"என்னது அது?"

"விடைக்கா. கூட்டச் சொன்னீங்களே!"

அக்கா முழிச்சாங்க. பைத்தான் அண்ணாச்சி பக்கம் திரும்புச்சு. அழியப் போற நேரத்துல பெரியவரைப் பகைச்சுக்கணுமா? ஆனாலும் கேட்டுருச்சு.

"அண்ணாச்சி, உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?"

"எனக்கா? நான் எங்கட்டி கூட்டுனேன்?"

"என்னது?"ன்னு கத்தினாங்க அக்கா.

"கத்தாதீய தாயி. நேத்தே முழுசாப் படிச்சேம்லா? கூட்டச் சொல்லியிருக்கு. கூட்டி யாருகிட்ட சொல்லணும்னு ஒரு வார்த்த எழுதல. ஆருக்கும் வேண்டாத விடைக்கு நான் எதுக்கு நாக்குத் தள்ள ஓடணும்? கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ன காலைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சேன். அம்புட்டுதான்."

"சாமி, இது தெரிஞ்சிருந்தா நானும் முட்டியக் காப்பாத்தியிருப்பனுங்களே!"ன்னு அங்கலாய்ச்சாரு ஜாவா மாமா.

தப்பு அக்காவோடது. முகம் சிவந்துபோய், "விடையும் சொல்லணும்"னு ஒரு வரி சேத்து மறுபடி ஓட விட்டாங்க. இந்தத் தடவை அண்ணாச்சி நெசமாவே ஓடினாரு. நாலு தடவை கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ள விடையோட வந்து நின்னாரு. மாமா ரெண்டாவது. பைத்தான் மறுபடியும் கடைசி.

பேச்சுன்னா பேச்சுதானே. அக்கா விரல் பொத்தானுக்குப் போச்சு. பைத்தான் கண்ணை இறுக்க மூடிக்கிச்சு.

"பொறுங்க தாயி"ன்னாரு அண்ணாச்சி. "இந்தப் பிள்ள கேக்கலைன்னா, நீங்க என்னைய ஓடாமலே ஜெயிக்க விட்டிருப்பிய. நான் சொன்னதைச் செய்வேன், சொல்லாததைக் கேக்கத் தெரியாது. கேக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா? பெரிய கணக்கு வந்தா என் தோள்ல ஏறிக்கிடட்டும். வாய் அவளுது, காலு என்னுது. கம்ப்யூட்டரும் காயாது."

அக்கா விரலை எடுத்தாங்க. அப்புறம்தான் பைத்தான் கண்ணைத் தெறந்துச்சு.

அன்னையில இருந்துதான், வேகப் பந்தயம் வைக்கிறவங்க கடிகாரத்தை நிறுத்துறதுக்கு முன்னால "எங்க, விடையைச் சொல்லு"ன்னு கேக்குறாங்க; பெரிய கணக்கு வந்துட்டா பைத்தானும் சத்தமில்லாம அண்ணாச்சி தோள்ல ஏறிக்குது.