சென்னியப்பன் வாங்கிய அசைபோடும் கார்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பல்லெல்லாம் இந்த நிமிஷமே உதிரட்டும். இருப்பது கொஞ்சம்தான். ஆனால் முறுக்கு தின்கிற ஆசை இன்னும் போகவில்லை, அதனால் சும்மா ஆணையிடுகிற ஆளில்லை நான்.

கூளைப்பாளையம் மாட்டுத் தரகர்கள் ஊர். மாட்டைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை; மற்றதைப் பற்றித் தெரிந்தது ஒன்றுமில்லை. எதைப் பார்த்தாலும் இது எந்த வகை மாடு என்றுதான் யோசிப்பார்கள். ஊருக்கு முதன்முதலில் டிரான்ஸ்ஃபார்மர் வந்தபோது, ஓயாமல் முனகுகிறதே, ஈனப்போகிறது போலிருக்கிறது என்று அதன் அடியில் வைக்கோல் பரப்பி வைத்துக் காத்திருந்தவர்கள். இன்னும் ஈனவில்லை. அவர்களும் நம்பிக்கையை விடவில்லை.

அந்த ஊர் சென்னியப்பனுக்குப் பெண் அமைவது தள்ளிக்கொண்டே போனது. தலையில் முன்பக்கம் வெளுத்து, பின்பக்கம் உதிர்ந்து, இனிமேல் இல்லை என்று அவனே முடிவுகட்டியிருந்த நேரத்தில், மேக்காட்டூர் அவினாசியப்பனின் மூத்த மகள் பாவாயியின் ஜாதகம் பொருந்தி வந்தது. பெண் பார்க்கப் போன அன்று காப்பி கொண்டுவந்து கொடுத்தவள், "உங்கூர் மாடு முட்டுமுங்களா?" என்று கேட்டாள். "தெரிஞ்சவங்களை முட்டாதுங்க" என்றான் சென்னியப்பன். அவள் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து காப்பித் தம்ளரைக் கையில் எடுத்தாலே இவன் முகம் இளித்துக்கொண்டது.

அவினாசியப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அவருடைய பங்காளி வீட்டு மருமகன் கப்பல் மாதிரி ஒரு காரில் வந்து இறங்கியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "மாப்பிள்ளை சொந்தக் கார்ல, நல்ல பெரிய கார்ல, முகூர்த்தத்துக்கு முன்னாடி மண்டபத்து வாசல்ல வந்து எறங்கோணும். இல்லாட்டி எம்பொண்ணு எங்கூட்லயே இருக்கட்டும்" என்றார். சொன்ன சொல்லை மாற்றாதவர் என்று அந்தப் பக்கத்தில் அவருக்குப் பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்ற என்ன நஷ்டம் வந்தாலும் பொறுத்துக்கொள்வார், குறிப்பாக நஷ்டம் அடுத்தவனுக்கு என்றால்.

பைபாஸ் ரோட்டுக்கு நிலம் போனதில் வந்த பணம் சென்னியப்பன் பேரில் பாங்கியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பிக்கொண்டு, தாய்மாமன் ராக்கியப்பனையும், பல்லைப் பார்த்தே மாட்டின் வயசு சொல்லும் தேவணனையும் கூட்டிக்கொண்டு, கோயமுத்தூரில் பெரிய கார்கள் விற்கிற ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனான்.

அங்கே டை கட்டிக்கொண்டு நின்றவன் பெயர் ஜெகதீசன். நல்ல பையன். வந்தவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, ஒவ்வொரு வண்டியாகக் கூட்டிப்போய் விளக்கினான். டீசல் வண்டி இழுவை அதிகம், தூர ஓட்டத்துக்குத் தோது என்றான். பெட்ரோல் வண்டி சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும், கொஞ்சம் கூடக் குடிக்கும் என்றான். கரண்டில் ஓடுவதும் உண்டு, வீட்டிலேயே வயரைச் சொருகிவிட்டால் போதும் என்றான். கடைசியாக, "எல்லாத்துலயும் வசதி ஒண்ணுதான் சார். எதுல ஓடணும்ங்கிறதை நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றான்.

சென்னியப்பனுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "இதுல எது முகூர்த்தத்துக்கு முன்னாடி போய்ச் சேருமுங்க?"

"எல்லாமே போகும் சார்."

அதோடு அவன் மனசு நிம்மதியாகிவிட்டது. ஆனால் ராக்கியப்பன் அப்படி லேசில் விடுகிற ஆளா? மூன்று பேரும் நடுக்கூடத்தில் குந்தவைத்து உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

டீசல் வண்டியை ஜெகதீசன் கிளப்பிக் காட்டியிருந்தான். "மூச்சு எறைக்குதப்பா. நெஞ்சுக்குள்ள கபம் கட்டியிருக்குது" என்று தேவணன் தள்ளிவிட்டான். பெட்ரோல் வண்டி கூடக் குடிக்கும் என்று விற்கிறவனே ஒப்புக்கொண்டானே. தண்ணித் தொட்டியை விட்டு நகராத மாட்டை வைத்துக்கொண்டு எந்தக் காட்டை உழுவது? அதுவும் போயிற்று.

கரண்டு வண்டிக்கு முன்னால் தேவணன் வெகுநேரம் நின்றான். மற்ற வண்டிகளுக்கெல்லாம் மூக்குக்குக் கீழே கம்பி கம்பியாகப் பல் இருந்தது. இதற்கு முகம் மழமழவென்று இருந்தது. விரலை விட்டுத் தடவிப் பார்த்தான். பிறகு பக்கத்தில் தொங்கிய வயரைப் பார்த்தான். அவன் கண் கலங்கியது.

"மாமா, இது கன்னுக்குட்டி. இன்னும் பல்லு மொளைக்கலை. தொப்புள்கொடி கூட அறுக்கலை பாருங்க."

"இதைப் போயி விக்கறாங்களே, இவனுகளுக்கெல்லாம் நல்ல சாவு வருமா?" என்றார் ராக்கியப்பன். ஜெகதீசனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பையன் டையைத் தளர்த்திக்கொண்டான்.

கடைசியில் ஹைபிரிட் என்று ஒரு வண்டி. பெட்ரோலும் போடலாம், உள்ளே பேட்டரியும் உண்டு, பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொண்டு ஓடும் என்றான் ஜெகதீசன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏனப்பா, உள்ள போனதை மறுபடி எடுத்துத் திங்குதா?" என்றான் தேவணன்.

"அப்படியும் சொல்லலாம் சார்."

"அசைபோடுதுடா!" என்று ராக்கியப்பன் எழுந்து நின்று துண்டை உதறினார். இத்தனை வண்டிகளுக்குள்ளே ஜாதி மாடு இது ஒன்றுதான் என்று முடிவாயிற்று.

விலை பேசுவதை மட்டும் வாயால் பேசக்கூடாது. மாட்டின் காதில் விழுந்தால் மனசு நொந்துபோகும் என்பது அவர்கள் வழக்கம். ராக்கியப்பன் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் ஜெகதீசனின் கையைப் பிடித்து விரலை அழுத்தினார். ஜெகதீசன் முகம் சிவந்து மேலாளரைப் பார்த்தான். அந்த மாசம் ஒரு வண்டியும் விற்காத மேலாளர், எதற்கும் சம்மதி என்று தலையாட்டிவிட்டார்.

வண்டியை லாரியில் ஏற்றிக் கூளைப்பாளையத்துக்கே கொண்டுவந்து இறக்கினார்கள். ராக்கியப்பன் வீட்டு வாசலில் நிறுத்தி, மேலே வானம் தெரிகிற கண்ணாடிக் கூரையைத் திறந்துகாட்டிவிட்டு, லாரிக்காரர் சாவியை நீட்டினார். மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

இதற்குக் காரணம் உண்டு. மாடு விற்றால் மாட்டைத்தான் கொடுப்பார்களே ஒழிய, பழைய கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். கயிறும் சேர்ந்து போனால் விற்றவன் பட்டியின் அதிர்ஷ்டமும் கூடவே போய்விடும். வாங்கினவன்தான் புதுக்கயிறு போட்டுக்கொள்ள வேண்டும். "அந்தத் தம்பி நல்லாருக்கோணும். அவன் கயிறு நமக்கெதுக்கு?" என்றார் ராக்கியப்பன். லாரிக்காரர் சாவியை இருக்கையில் வைத்துவிட்டுப் புறப்பட்டார். தேவணன் ஓடிப்போய், மாற்றுச் சாவியையும் சேர்த்து, ஓடுகிற லாரிக்குள் வீசிவிட்டு வந்தான். பிறகு காரின் மூக்கில் மஞ்சள் தடவிய புதுக் கயிறு ஒன்றைக் கட்டினார்கள்.

அடுத்து தீனி. கடையிலிருந்து கிளம்பும்போது எதை ஊற்றுவதென்று ஜெகதீசன் ஏதோ சொன்னான். ஆனால் சொந்தமாகப் பரீட்சை வைக்காமல் தீனி போடுவது தரகனுக்கு அழகல்ல. புதுமாடு வந்தால் பருத்திக்கொட்டை, தவிடு, புண்ணாக்கு எல்லாவற்றையும் முன்னால் வைத்து, எதில் வாய் வைக்கிறதோ அதைப் போடுவதுதானே முறை? ஒரு போசியில் பெட்ரோல், ஒரு போசியில் டீசல், ஓரமாக ஒரு கரண்டுப் பெட்டி. எல்லாவற்றையும் காருக்கு முன்னால் வைத்துவிட்டு, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுத்தார்கள்.

வாசல் சரிவு. கார் மெல்ல அசைந்தது. பெட்ரோலைத் தாண்டியது. டீசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய், கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கென்று வெட்டிக் குவித்திருந்த இளநீர்க் குவியலில் மூக்கை நுழைத்து நின்றது.

சுற்றி நின்ற சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அந்த டை கட்டுன தம்பிக்கே இது தெரியலை பாரு" என்றார் ராக்கியப்பன். அன்று சாயங்காலமே வழுக்கை பதமாக இருந்த காய்களாகப் பார்த்துச் சீவி, பெட்ரோல் ஊற்றுகிற வாய் நிறைய ஊற்றி மூடினார்கள்.

கல்யாணத்தன்று காலை உறவு சனமெல்லாம் பஸ் பிடித்து முன்னால் போய்விட்டது. சென்னியப்பன் பட்டு வேட்டி கட்டிக் காரில் ஏறி உட்கார்ந்தான். கார் நகரவில்லை. தட்டிக்கொடுத்தார்கள். ஹை ஹை என்றார்கள். வாலைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நேற்றுக் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டது, மத்தியானம் வரை படுத்துக் கிடக்கும், அதன் மேல் குற்றமில்லை என்றான் தேவணன்.

உள்ளே உட்கார்ந்திருந்த சென்னியப்பன் கூரை வழியாக வானத்தைப் பார்த்தான். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பாவாயியின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னாலேயே அவினாசியப்பனின் முகமும் வந்தது. "மாமா, இது எந்திரிக்கிற வரைக்கும் நம்ம வெள்ளையனையும் மயிலையையும் பூட்டிக்கலாமுங்களா?" என்று கேட்டான்.

அப்படித்தான் அந்தப் புத்தம்புதுக் கார் இரண்டு காளைகள் இழுக்க, முன்னிருக்கையில் ராக்கியப்பன் அமர்ந்து வளையத்தைப் பிடித்துக்கொள்ள, மேக்காட்டூருக்குப் புறப்பட்டது. எதிரே வண்டி வந்தால் ராக்கியப்பன் தலையை வெளியே நீட்டி, "பாம், பாம்" என்றார். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஹாரனை யாரும் கேட்டதில்லை.

பாதி வழியில் ஒரு மேடு. வெள்ளையன் உட்கார்ந்துவிட்டது. உட்கார்ந்த மாட்டை அடிப்பதும் கூளைப்பாளையத்து வழக்கமில்லை, நடுவழியில் விட்டுப் போவதும் வழக்கமில்லை. நன்றாக யோசித்து, காரின் பின்கதவைத் திறந்து, வெல்லம் காட்டி வெள்ளையனை உள்ளே ஏற்றினார்கள். கொம்பு இடித்தது. தலையைக் கூரை வழியாக வெளியே விட்டதும் கச்சிதமாகப் பொருந்தியது.

"நானும் அப்பவே நெனச்சேன், எதுக்கடா மேல ஓட்டை போட்டிருக்கான்னு" என்றார் ராக்கியப்பன்.

ஆனால் நுகத்தடியில் ஒரு பக்கம் காலியாகிவிட்டதே? ராக்கியப்பன் தாய்மாமன், இழுக்கக் கூடாது. தேவணன் மேட்டில் சக்கரம் பின்வாங்காமல் கல் வைத்துக்கொண்டே வர வேண்டும். சென்னியப்பன்தான் மிச்சம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மயிலைக்குப் பக்கத்தில் போய்த் தோளைக் கொடுத்தான்.

முகூர்த்தம் நெருங்குகிற நேரத்தில், நாதஸ்வரக்காரர்கள் ஏழாவது முறையாக அதே கீர்த்தனையை வாசித்துக்கொண்டிருக்கும்போது, கார் மண்டப வாசலுக்கு வந்து சேர்ந்தது. காரிலிருந்து இறங்குகிற மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்க வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். கதவு திறந்தது. வெள்ளையன் இறங்கியது. அவர்கள் ஆரத்தி எடுத்தார்கள். யாரோ மாலையும் போட்டார்கள். அது மாலையில் பாதியைத் தின்றுகொண்டே போய் வாசல் வாழைமரத்தில் வாய் வைத்தது.

"நான்தானுங்க மாப்பிள்ளை" என்று நுகத்தடிக்கு அடியிலிருந்து சென்னியப்பன் மூச்சு வாங்கச் சொன்னான்.

அவினாசியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நாங் கேட்டது மாப்பிள்ளை கார்ல வரோணும்னு. நீ கார்ல வரலியே, காரையில்ல கொண்டாந்திருக்கறே."

"இப்ப ஏறி எறங்கிட்டாப் போச்சு சம்பந்தி" என்றார் ராக்கியப்பன்.

"நின்ன எடத்துல ஏறி நின்ன எடத்துல எறங்குனா, அது வந்ததாகுமா?"

ஆகாது என்பதை ராக்கியப்பனும் ஒப்புக்கொண்டார். அது நியாயமான பேச்சு என்று பாராட்டவும் செய்தார். அய்யர் உள்ளிருந்து, நேரம் போகிறது, நேரம் போகிறது என்று குரல் கொடுத்தார். சென்னியப்பன் மயிலையின் மேல் சாய்ந்தான். அத்தனை தூரம் இழுத்த வலியெல்லாம் அப்போதுதான் தோளில் வந்து உட்கார்ந்தது.

கூரைப்புடவையும் மாலையுமாக அந்நேரம் பாவாயி வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், மயிலையைப் பார்த்தாள், அதற்குப் பக்கத்தில் பூட்டியிருந்தவனைப் பார்த்தாள்.

"மொதல்ல அவரை அவுத்து உடுங்கப்பா" என்றாள். "அவரு கார்ல உக்காரட்டும். மண்டபத்தை ஒரு சுத்துச் சுத்தி வந்து எறங்குனா, வந்ததாயிரும். இழுக்க ஆளில்லைன்னா நான் இழுக்கறேன்." சொன்னதோடு நிற்காமல் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

மணப்பெண் கார் இழுத்தாள் என்று பங்காளி வீட்டில் நாளைக்குப் பேசுவார்களே. அவினாசியப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தானே போய் நுகத்தடிக்கு அடியில் தோளைக் கொடுத்தார். மயிலை அவரை முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றுக்கொண்டது. மண்டபத்தை ஒரு சுற்று. பந்திக்கூடத்துப் பக்கம் ஒரு முறை சறுக்கினார். தேவணன் கல் வைத்துக் காப்பாற்றினான். வாசலுக்கு வந்ததும் சென்னியப்பன் முறைப்படி இறங்கினான். எஞ்சியிருந்த பாதி மாலையை அவனுக்குப் போட்டு, கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு ஓடினாள் பாவாயி. முகூர்த்தம் முடியுமுன் தாலி ஏறியது.

அவினாசியப்பன் ஃபேனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நெடுநேரம் கழித்துத்தான் அவருக்குப் பேச்சு வந்தது. "ஒரு சுத்துக்கே எனக்கு உசுரு போயிட்டு வந்துது. இந்தப் பையன் கூளைப்பாளையத்துல இருந்து இழுத்துட்டு வந்திருக்கானப்பா. ஆம்பளைன்னா இவன் ஆம்பளை" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அடுத்த தை மாசம் அவருடைய இரண்டாவது மகளுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. படித்த பையன், பனியன் கம்பெனி முதலாளி. சாவி போட்டு, எஞ்சின் ஓட, ஏசி வீச, பளபளவென்று ஒரு காரில் வந்து இறங்கினான். அவினாசியப்பன் காரைச் சுற்றி வந்தார். பையனைச் சுற்றி வந்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி இரண்டு தோளையும் தடவிப் பார்த்தார். காய்ப்பு ஒன்றுமில்லை. பையனின் அப்பாவைத் தனியாகக் கூட்டிப்போனார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. எஞ்சின் வச்சுத்தான் காரு ஓட்டோணும்ங்கற அளவுக்குப் பையனுக்கு ஒடம்புல என்ன கோளாறு? நல்ல டாக்டரா பாத்து வைத்தியம் பண்ணிக் கூட்டியாங்க. அதுவரைக்கும் எம்பொண்ணு காத்திருப்பா" என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பி வைத்தார்.

இவ்வளவும் நடந்தது. ஆனால் இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விட்டுவிடாதீர்கள். அவருக்கு மூன்றாவதாக ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு வரன் கேட்டு எங்கள் வீட்டிலிருந்துதான் போயிருக்கிறது. எங்கள் பையன் நேற்றிலிருந்து கொல்லையில் டிராக்டரை இழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறான்.