பாட்டில் டீசல்

வீரணன் டீசல் பாட்டிலை ஜீப்பின் பானெட்டுக்குள் கயிறு போட்டுக் கட்டினான். இஞ்சினுக்கு டீசல் போகும் குழாயை டாங்கியிலிருந்து கழற்றிப் பாட்டிலில் செருகினான். ஒரு லிட்டர் தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ, அதுதான் மைலேஜ். போடியில் எல்லாப் பட்டறையிலும் இதே கணக்குதான்.

"டர்போ போட்டா மைலேஜ் கூடுமா, கொறையுமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க உஸ்தாத். எதுக்கு மறுபடி சோதனை?" என்றான்.

காஜா உஸ்தாத் வயதில் அவனைவிடச் சின்னவர். சொந்தப் பட்டறையை மூடிவிட்டு வந்து அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தான் வீரணன்.

"போன தடவை எங்க ஓட்டிப் பாத்தீங்கண்ணே?"

"பைபாஸ்ல."

"வண்டியில என்ன பாரம்?"

"நான் மட்டுந்தான்."

"உர மூட்டை ஏத்தியிருக்கு. மலைக்கு விடுங்க."

டிரைவர் சுருளி டயர் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவை வீரணன் மாட்டிய பிறகு, டீசல் அதிகம் குடிக்கிறது என்று வண்டி முதலாளி வந்து சத்தம் போட்டபோது, வீரணன் சொன்ன பதில் இது: "வண்டியில கொறை இல்ல. டீசல் எங்க போகுதுன்னு டிரைவரைக் கேளுங்க."

முதலாளி அன்றைக்கே சாவியை வாங்கிக்கொண்டார். இன்று காலை டீக்கடையில், "என்ன சுருளி, இன்னைக்கு எத்தன லிட்டரு?" என்று எவனோ கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வீரணனும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

மூவரும் முன்சீட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். வீரணன்தான் ஓட்டினான்.

முதல் வளைவில் மிதித்ததும் டர்போ விசிலடித்தது. முன்பு முக்கி முனகி ஏறிய வண்டி, மூட்டைகளோடு துள்ளிப் போனது. முன்னால் போன பஸ்ஸை முந்தினான். அடுத்து ஒரு லாரியை.

"பாத்தியா சுருளி, பழைய இஞ்சின்னு சொல்ல முடியுமா?"

வீரணன் இன்னும் மிதித்தான். விசில் இன்னும் ஏறியது.

வண்டி இருமியது. இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

அவன் முந்திவிட்டு வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே அவர்களைக் கடந்து போனது. கிளீனர் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"முன்னாடி இதே லோடுக்கு, ஒரு லிட்டர்ல அந்தக் கோயில் வரைக்கும் ஏறும்ணே," என்றான் சுருளி. கோயில் இன்னும் நாலு வளைவுக்கு மேலே தெரிந்தது.

உஸ்தாத் இறங்கி, டாங்கிக் குழாயைப் பழையபடி மாட்டினார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றக் கைப்பம்பை அழுத்தத் தொடங்கினார். வீரணன் ஸ்டீயரிங்கை விடாமல் ஜன்னல் வழியாகவே கேட்டான்.

"காத்து கூடக் கெடச்சா டீசல் நல்லா எரியும், மிச்சமாகும்னுல்ல நெனச்சேன்."

"நல்லாத்தான் எரியும். அந்தக் காத்துக்குத் தக்கன டீசல் போகணும்னு டீசல் பம்பு ஸ்குரூவைக் கூட்டி வச்சது யாரு?"

"நான்தான்."

"மெதுவா மிதிச்சா கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். விசில் சத்தம் கேட்டப்புறம் நீங்க மெதுவா மிதிச்சீங்களா?"

வீரணன் சுருளி பக்கம் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பக்கத்தில் இருந்தவனின் முழங்கை அவன் முழங்கையில் பட்டுக்கொண்டிருந்தது.

"வேகமா ஏறுதுன்னு மொதலாளி தெனம் ஒரு நடை கூட அடிக்கச் சொன்னாருண்ணே," என்றான் சுருளி, ரோட்டைப் பார்த்தபடி. "மிதிக்காம எப்படி அடிக்கிறது?"

உஸ்தாத் கைப்பம்பை நிறுத்தினார்.

"உஸ்தாத், அப்ப அந்த டீசலு..." என்று இழுத்தான் வீரணன்.

உஸ்தாத் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாட்டில்ல ஊத்துனது நீங்க. ஓட்டுனதும் நீங்க. வழியில எவனாவது இறங்கி எடுத்தானாண்ணே?"

வீரணன் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினான். பின்பக்கமாகச் சுற்றிப் போய், ஏறி, உர மூட்டைகளின் மேல் உட்கார்ந்தான்.