ஆழத்திலிருந்து வந்த மீன்

“வேண்டாம் எண்டு ஒருத்தரின்ர மனம் நோகாமல் எப்பிடிச் சொல்லுறது, அம்மா?”

இதைக் கேட்பதற்காகத்தான் பரராசசிங்கம் ரொறன்ரோவிலிருந்து விடிய வெள்ளனவே காரை எடுத்து, வடக்கே அந்த ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்திருந்தார்.

தவமணி அம்மா சிக்குப்பட்ட தூண்டில் நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்.

அம்மா என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். பரராசசிங்கம்தான் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அம்மா ஒரு காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். இப்போது ஏரியோரம் ஒரு மரவீட்டில் தனியே இருக்கிறார். மனம் குழம்பியவர்கள் யோசனை கேட்டுத் தேடி வருவார்கள். காவி கிடையாது, படகில் போடுகிற சிவப்பு மிதவைச் சட்டைதான். பெரிய சாமியார் என்று நம்பி வந்து, வாசலிலேயே மீன் வெடுக்கு மூக்கில் அடிக்க, காரைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. நட்டம் அவர்களுக்குத்தான்.

பரராசசிங்கம் வெறுங்கையோடு வரவில்லை. எந்த வீட்டுக்கும் அவர் அப்படிப் போனதில்லை. ஒரு பெட்டி மாம்பழம் கொண்டு வந்திருந்தார்.

அம்மா பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். மூக்கருகே வைத்து மணந்தார். வாசற்படியிலேயே குந்தி, ஒரு பழத்தைத் தோலோடு கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது.

“என்ன இனிப்பு! நல்லா இருப்பியள், அண்ணை.”

பரராசசிங்கத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. வந்த களைப்பே தெரியவில்லை.

“கதிரையில இருங்கோவன்.”

“வேண்டாம், நிக்கிறன்.”

“தண்ணி?”

“வேண்டாம்.”

அம்மா சிரித்தார். “இவ்வளவு வடிவாச் சொல்லுறியள். பிறகென்ன என்னட்டைக் கேக்கிறியள்? ஆருக்குச் சொல்லவேணும்?”

“என்ர தங்கச்சிக்கு. வதனிக்கு.”

அதன்பிறகு அவர் நின்றபடியே சொன்னார்.

“எனக்குச் சிறுநீரகம் ரெண்டும் பழுதாப் போச்சு. கிழமைக்கு மூண்டு தரம் மெஷினிலதான் ரத்தம் சுத்தம் பண்ணுறது. கேள்விப்பட்டிட்டு நோர்வேயில இருந்து வந்து நிக்கிறாள். தன்ர ஒண்டைத் தாறாளாம். சோதினை எல்லாம் முடிஞ்சுது, பொருந்துதாம். அவளுக்கு ஒண்டும் ஆகாது எண்டு டொக்டர்மாரும் சொல்லுகினம்.”

“நல்லதுதானே.”

“என்னம்மா நல்லது? அப்பா செத்தாப் பிறகு அவளை வளர்த்தது நான். படிப்பிச்சது நான். கட்டிக் குடுத்ததும் நான். ஒரு தேத்தண்ணி போட எழும்பினாலும் நீ இரு, நான் போடுறன் எண்டுதான் சொல்லுவன். இந்த வயசில அவளை வெட்டி எடுத்தோ நான் உயிர் வாழுறது? நான் செத்தாலும் பரவாயில்லை.”

“அவவுக்குச் சொல்லிட்டியளோ?”

“போன கிழமை சொன்னன். உன்ர பாசமே எனக்குப் போதும், நீ நோர்வேக்குப் போட்டு வா எண்டு.”

“என்ன சொன்னவ?”

“ஒண்டும் சொல்லேல்லை.” பரராசசிங்கத்தின் குரல் இறங்கியது. “அண்டையில இருந்து குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலடியில இருக்கிறாள். வீட்டுக்குள்ள ஹீட்டர் வேலை செய்யுது. கழட்டு எண்டாலும் கழட்டுறாளில்லை. திரும்பிப் போறாளுமில்லை. அதுதான் கேக்கிறன். நோகாமல் எப்பிடி அனுப்பிறது?”

அம்மா எழுந்து கையை மட்டும் கழுவினார்.

“வாங்கோ. மீன் பிடிப்பம்.”

படகுத்துறையில் பரராசசிங்கம் போனை வெளியே எடுத்துப் பார்த்தார். தங்கச்சி எடுத்தாலும் எடுப்பாள் என்று ஒரு எண்ணம்.

“இந்தப் பலகையின்ர நுனியில மட்டும்தான் சிக்னல் வரும்,” என்றார் அம்மா. “அங்கால ஒண்டும் இல்லை. ஏறுங்கோ.”

ஏரியின் நடுவே அம்மா மோட்டாரை நிறுத்தினார். கரையில் மேப்பிள் மரங்கள் சிவக்கத் தொடங்கியிருந்தன. தண்ணீர் கறுப்பாக இருந்தது.

“இஞ்சைதான் நல்ல ஆழம்.”

இரண்டு தூண்டில்களும் இறங்கின. நூல் போய்க்கொண்டே இருந்தது.

முதலில் அம்மாவின் தூண்டில் இழுத்தது. வந்தது ஒரு பெரிய ட்ரவுட் மீன். பச்சை உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். வயிறு உப்பியிருந்தது.

“முட்டைக்காரி,” என்றார் அம்மா.

கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டு மீனைப் பிடித்தார். தூண்டில் முள்ளைக் கழற்றி, தண்ணீருக்குள் தாங்கி வைத்திருந்தார். மீன் வாயைத் திறந்தது. குமிழ் குமிழாகக் காற்று வந்தது. வாலை ஒருதரம் அடித்தது. போய்விட்டது.

“சந்தோஷம், போட்டு வா,” என்று அம்மா தண்ணீருக்குச் சொன்னார்.

பரராசசிங்கத்தின் கண் கலங்கியது. “எவ்வளவு பெரிய மனசம்மா உங்களுக்கு.”

அம்மா அடுத்த புழுவைக் கோத்துக்கொண்டிருந்தார்.

பிறகு பரராசசிங்கத்தின் தூண்டில் வளைந்தது. அவர் வாழ்க்கையில் முதல் மீன். அவசரம் அவசரமாகச் சுற்றி எடுத்தார். தங்க நிறத்தில் ஒரு மீன், ‘வால்ஐ’ என்பார்கள். இந்த ஏரிகளில் எல்லாரும் தேடி வருகிற மீன் அதுதான், அவ்வளவு ருசி. அதன் பெரிய கண் பளிங்குபோல் வெளிறி, நேரே அவரைப் பார்த்தது.

அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

அம்மா செய்தது போலவே கையை நனைத்தார். முள்ளைக் கழற்றினார். தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்தார்.

“போட்டு வா, ராசா,” என்று கையை எடுத்தார்.

மீன் போகவில்லை.

பக்கவாட்டில் சரிந்து தண்ணீர் மேலேயே மிதந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

அவர் அதை மெல்லக் கீழே அமுக்கினார். மேலே வந்தது. இன்னும் ஆழமாக, சட்டைக் கை நனைய அமுக்கினார். திரும்பவும் மேலே வந்தது.

“அம்மா, இது ஏன் போகுதில்லை?”

“ஏலாது.”

“ட்ரவுட் போச்சுதே!”

“ட்ரவுட் வயித்துக் காத்தை வாயால விட்டிட்டு இறங்கும். இதுக்கு அந்த வழி இல்லை. அந்த ஆழத்தில இருந்து மேல வந்தால் வந்ததுதான்.”

“நான் இரக்கப்பட்டெல்லோ விட்டனான்!”

“ஓம்.”

“பிறகு?”

“அது மீனுக்குத் தெரியாது.”

ஒரு கடற்புறா தலைக்கு மேலே வட்டமடிக்கத் தொடங்கியது. மீன் படகோடு சேர்ந்து அலைந்தது. பளிங்குக் கண் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, ஏதாவது செய்யுங்கோ.”

“உங்கட மீன், அண்ணை. உங்களிட்டை வந்தது.”

அம்மா கைவலையை நீட்டினார். பரராசசிங்கம் வாங்கினார். முதல் தரம் தவறவிட்டார். இரண்டாம் தரம் மீனை வலையில் ஏந்தினார்.

அம்மா அதை வாங்கி, ஒரே அடியில் அதன் வேதனையை முடித்தார். பிறகு அதை இரண்டு கையிலும் வைத்து நெற்றியில் முட்டக் கொண்டுபோனார்.

“வந்தியே, அப்பா. பெரிய உபகாரம்.”

மோட்டாரை முடுக்கிப் படகைக் கரைக்குத் திருப்பினார்.

கரையில் அம்மா மீனைக் கிழித்து, முள் நீக்கி, மஞ்சளும் மிளகுத்தூளும் தடவி, இரும்புச் சட்டியில் பொரித்தார். ஒன்றையும் வீணாக்கவில்லை. தலையும் முள்ளும் சொதிக்கு என்று ஒரு பானைக்குப் போயின.

பொன்னிறமாக ஒரு துண்டு தட்டில் வந்தது. அம்மா தட்டை நீட்டினார்.

“வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கோ,” என்றார் பரராசசிங்கம். யோசித்துச் சொன்னதில்லை. அறுபது வருஷப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

அம்மா தட்டை இழுக்கவில்லை. வற்புறுத்தவுமில்லை. நீட்டியபடியே இருந்தார்.

மீனிலிருந்து எழுந்த ஆவி மெல்ல மெல்லக் குறைந்தது.

பரராசசிங்கம் தட்டைப் பார்த்தார். தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். முழங்கையில், கழுவாமல் விட்ட இடத்தில், மாம்பழச் சாறு ஒரு கோடாகக் காய்ந்திருந்தது.

காலையில் அந்தச் சாறு வழிந்தபோது தன் மனம் எப்படி நிறைந்தது என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

கூடவே, வதனி கழற்றாத அந்தக் குளிர்க்கோட்டும்.

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

சாப்பிடச் சாப்பிடக் கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. இவ்வளவு ருசியாக ஒன்றை இந்த நாட்டில் அவர் சாப்பிட்டதில்லை. தட்டில் ஒரு துணுக்கு மிஞ்சாமல் விரலால் வழித்துத் தின்றார்.

“இன்னும் ஒரு துண்டு இருக்கு,” என்றார் அம்மா.

“தாங்கோ.”

அதையும் தின்று முடித்து எழுந்தார். படகுத்துறைப் பலகையின் நுனிவரை நடந்தார். போனைக் காதில் வைத்தார்.

“வதனி?”

மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

“பிள்ளை, அந்தக் குளிர்க்கோட்டைக் கழட்டு. நான் வெளிக்கிட்டிட்டன். வந்தவுடன எனக்கு நீ ஒரு தேத்தண்ணி போட்டுத் தரவேணும்.”