ஒழுகாத சாடிக்கு வக்கீல் கூலி

முன்னொரு காலத்தில் வேங்கைபுரி என்கிற நாட்டைக் கொற்றவேலன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே ஆள்வதற்கு! அன்றைக்கு வேட்டைக்குக் குதிரை வேறு சேணம் பூட்டி நின்றது. ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் செக்காட்டும் வெள்ளாத்தாள் ஒரு மண்சாடியோடு சபைக்குள் வந்தாள்.

"மகாராசா, மருதப்பர் கடையில வாங்கின சாடிங்க. ஒழுகவே ஒழுகாதுன்னு சத்தியம் பண்ணி வித்தாரு. ஊத்தி வெச்ச நல்லெண்ணெய் பூரா தரையோட போச்சு."

மருதப்பர் தமக்காகப் பேச அம்பலவாணரை அழைத்து வந்திருந்தார். இப்போது வக்கீல் என்கிறோமே, அந்த உத்தியோகம். மந்திரி அறவாழியின் பதவி மேல் அம்பலவாணருக்கு வெகுநாளாக ஒரு கண். வெள்ளாத்தாளும் முதலில் அவர் வாசலுக்குத்தான் போனாள். "எவ்வளவுங்கய்யா ஆகும்?" என்று கேட்டதற்கு, "அது பேசப் பேசத்தான் தெரியும்" என்றாராம். பயந்து திரும்பிவிட்டாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? சபையில் அடியில் துளையிட்ட நாழிகைக் கிண்ணம் ஒன்று உண்டு. அதில் நீர் ஒருமுறை சொட்டித் தீர்ந்தால் வக்கீலுக்கு ஒரு பொன். தோற்றவர் எதிராளியின் வக்கீல் கூலியையும் கட்ட வேண்டும். தோற்றால் அவளுடைய செக்குமாடு போய்விடும்.

"ஆகட்டும், சீக்கிரம்!" என்று குறுக்கும் நெடுக்கும் நடந்த ராஜாவின் கால் பட்டுக் கிண்ணம் உடைந்தது.

"ஐயோ, என் கூலியை எதில் அளப்பது?" என்று அலறினார் அம்பலவாணர்.

"இந்தச் சாடியில் நீர் நிரப்புவோமே," என்றார் அறவாழி. "எத்தனை முறை ஒழுகித் தீர்கிறதோ அத்தனை பொன். சம்மதமா?"

சாடி எவ்வளவு வேகமாக ஒழுகும் என்பதை மருதப்பர் முன்னமே அம்பலவாணர் காதில் போட்டிருந்தார். கிண்ணத்தைவிட வேகம்! மருதப்பர் அவருடைய அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். அம்பலவாணர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"பரிபூரண சம்மதம்!"

பிறகு பேசினார் பாருங்கள்! "மகாராஜா, தரையில் தெரிவது ஒழுக்கு அல்ல. மண்சாடி என்றால் வியர்க்கும். இது வெறும் வியர்வை!" பேசப் பேசச் சாடி காலியானது. நிரப்பினார்கள். மறுபடியும் காலியானது. வெள்ளாத்தாள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மூன்றாம் முறையும் காலியானதும் ராஜா கத்தினான்: "போதும்! கூலி எவ்வளவு?"

"மூன்று பொன், பிரபு."

"எதற்கு?" என்றார் அறவாழி. "ஒழுகினால்தானே கூலி? சாடிக்கு வியர்த்ததற்கெல்லாம் கொடுக்க முடியாதே."

அம்பலவாணருக்குப் பொறுக்கவில்லை. "என்ன அநியாயம்! மூன்று முறை மடமடவென்று ஒழுகியதை இந்தச் சபையே பார்த்ததே!"

மருதப்பர் தலையில் அடித்துக்கொண்டார். சபை கொல்லென்று சிரித்தது. ராஜா அன்றைக்கு முதல்முறையாக உட்கார்ந்தான், சிரிப்பில் நிற்க முடியாமல்.

"மருதப்பரே, எண்ணெய்க்கும் சாடிக்கும் பணம் கொடும். உம் வக்கீலுக்குக் கூலியாக மூன்று பொன்னுக்கு இவளிடமே எண்ணெய் வாங்கி, இதே சாடியில் ஊற்றித் தலையில் ஏற்றி அனுப்பும். இனி எந்த வக்கீலும் வழக்கை எடுக்கும் முன்பே கூலி இவ்வளவு என்று சொல்லிவிட வேண்டும். அறவாழி, குதிரை இருக்கட்டும், வேட்டைக்கு நீரும் என்னோடு பட்டத்து யானையில் வாரும்!"

சாடியைச் சுமந்துகொண்டு அம்பலவாணர் வாசல் தாண்டும்போது வெள்ளாத்தாள் பின்னாலிருந்து கூவினாள்:

"ஐயா, ஓட்டமா ஓடுங்க! அதுக்கு ரொம்ப வேர்க்கும்!"