தோள்மூட்டுக்குப் பூசிய வெள்ளை

திருச்சி பாலக்கரையில் ஒரு மாடி அறை. அங்கே பெனசீர் பழைய பொம்மைகளைச் சீர்செய்துகொண்டிருந்தாள். நிமிர்த்தினால் ரோபோ, மடக்கினால் லாரி என்று உருமாறுகிற பொம்மைகள். முப்பது வயதுகூட ஆகாத அவளுக்கு ஒரு சீடர் வாய்த்திருந்தார். பெயர் அருளப்பன். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கு மேல் கோபம் வரும்.

அன்று அவர் தன் ரோபோவோடு வந்தார். மகனின் ஏழாவது பிறந்தநாளுக்கு சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தது. வெள்ளை பிளாஸ்டிக், பல் விளக்காதவன் பல்லாட்டம் மஞ்சளாகிப் போயிருந்தது. வீட்டில் அதை ஒரு திருகு விடாமல் கழற்றி, மஞ்சளை வெளுக்கப் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து, புது வெள்ளை பூசி மறுபடி மாட்டியிருந்தார். பாவம், மனுஷன் சோறு தண்ணி மறந்து செய்த வேலை.

காரணம் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டியே பார்க்காத மகன் நாளை தன் பையனோடு வருகிறான். பேரனை அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பெனசீர் ரோபோவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதன் கையை மடக்கினாள். தோள் அசையவில்லை. அழுத்தினாள். கிரீச்சென்று திரும்பியது, பெயிண்ட் செதில் செதிலாக மேசையில் உதிர்ந்தது.

அருளப்பன் செதில்களின் மேல் குனிந்து கத்தினார்.

“அடிப்பாவி! என்னம்மா பண்ணிட்டே?”

“லாரியாக்கப் பாத்தேன், சார்.”

“யாரு ஆக்கச் சொன்னது?”

“மூட்டுல பெயிண்ட் அடிச்சா இறுகிடும்னு முதல் நாளே சொன்னேனே.”

“தெரிஞ்சேதான் அடிச்சேன்! அங்க மட்டும் மஞ்சளா விட்டா பாக்கச் சகிக்குமா? இதை யாரு மடக்கப் போறா? அலமாரியில நிக்கப்போற பொருள்மா இது!”

அவள் நிதானமாகச் செதில்களைக் கூட்டி ஒதுக்கினாள். அந்த நிதானம் அவரை இன்னும் கிளறிவிட்டது.

“குருன்னு மதிச்சு வந்தேன் பாரு, என்னைச் சொல்லணும். நாளைக்கு எம்புள்ளை வந்து பாக்கணும், அப்பா எவ்வளவு பத்திரமா வச்சிருக்காருன்னு அவனுக்குத் தெரியணும். இத்தனை வருஷத்துல இதுமேல ஒரு கீறல் உண்டா? அவன்கூடப் போட்டதில்ல. நான் வந்து நின்ன நிமிஷத்துல நீ போட்டுட்டே!”

“ஏழு வயசுப் பையன் கீறல் படாமயா விளையாடினான்?”

“விளையாடுறதா? நல்லா கேட்டே போ! கண்ணாடி அலமாரிச் சாவி என் இடுப்புலதானே இருந்துச்சு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்க மாட்டான். கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு அப்படியே நிப்பான்…”

பெருமையாகத்தான் ஆரம்பித்தார். குரல் பாதியில் இறங்கிவிட்டது.

“ஒரு தடவையாவது லாரியாக்கினானா, சார்?”

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அருளப்பன் பெயிண்ட் உதிர்ந்த தோளை விரலால் தடவினார்.

பெனசீருக்கும் கோபம்தான். கண்ணாடிக்கு வெளியே நின்ற அந்தப் பையனுக்காக. உப்புத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“பேரன் வர்றதுக்குள்ள ரெண்டு தோளையும் தேய்ச்சு விட்டுடுங்க, சார்.”