தவசிலிங்கம் வண்டியைக் குளிர வைத்த கதை

ஆத்தியடிப்பட்டிக்காரர்களை யாராவது கேலி பேசினால் எனக்குக் கோபம் வரும். சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடக்கிற மனிதர்கள் இந்தக் காலத்தில் எத்தனை ஊரில் இருக்கிறார்கள்? அவர்கள் ஊர் நூலகத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, 'ஈரம், கதவைத் தொடாதீர்' என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினார்கள். ஒட்டியவர் அதைக் கிழிக்க மறந்துபோனார். அன்றிலிருந்து இன்றுவரை ஒருவரும் அந்தக் கதவைத் தொட்டதில்லை. நூலகர் ஜன்னல் வழியாகத்தான் பேப்பரை நீட்டுகிறார். அவர் எப்படி உள்ளே போனார் என்று கேட்காதீர்கள். தாள் ஒட்டும்போதே அவர் உள்ளேதான் இருந்தார்.

அந்த ஊரில் தவசிலிங்கம் என்பவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் வேலிக்கருவை மரத்தை வெட்டி மூட்டம் போட்டு எரித்து எடுக்கும் கரியை, மூட்டை மூட்டையாக ஏற்றி டவுனில் இறக்குவது அவர் தொழில். வண்டிக்கு வயது அதிகம். கதவைச் சாத்தினால் கண்ணாடி நாலு விரல் இறங்கும், கண்ணாடியை ஏற்றினால் ஹாரன் அடிக்கும். ஆனாலும் அவர் அதைக் குறை சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது.

குறை சொன்னது அவர் மனைவி ஆவுடைத்தாய். சித்திரை வெயிலில் அந்தக் கேபினுக்குள் உட்கார்ந்து ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அவளுடைய புதுப் பட்டுச்சேலை ரெக்ஸின் சீட்டோடு ஒட்டிக்கொண்டது. வழியில் அம்மா வீடு வந்தது. பிய்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"இந்த வண்டி குளுந்த பொறவு வந்து கூப்பிடுங்க. அதுவரைக்கும் நான் வர மாட்டேன்" என்றாள்.

தவசிலிங்கம் வண்டியை வேப்பமர நிழலில் நிறுத்திக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். தொட்டால் ஜில்லென்று இருக்கும். உடனே ஏறி மாமியார் ஊருக்கு விரட்டுவார். போய்ச் சேர்வதற்குள் பழையபடி கொதிக்கும். ஆவுடைத்தாய் வெளியே வந்து கதவைத் தொட்டுப் பார்ப்பாள், உதறிய கையோடு உள்ளே போய்விடுவாள். இப்படிப் பலமுறை நடந்த பிறகு ஒரு சேதி சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமைக்குள் வண்டி குளிரவில்லை என்றால், அங்கேயே தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிடுவாளாம்.

தவசிலிங்கம் கலங்கிப்போனார். அவள் இல்லாமல் அவருக்கு வீடு வீடாகவே இல்லை. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் வைத்த குழம்பின் வாசனை போன தூரம் வரைக்கும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் கோவில்பட்டியில் ஏசி மெக்கானிக் ஞானதுரை என்பவரைப் பிடித்தார். ஞானதுரை நல்ல மனிதர். நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து கழற்றிய ஏசி செட்டை எடுத்து, இன்ஜின் பக்கத்தில் கம்ப்ரசரை மாட்டி, டேஷ்போர்டுக்கு அடியில் குளிர்ப்பெட்டியைப் பொருத்தி, கேஸும் நிரப்பிக் கொடுத்தார். அதற்குள் அவர் கொழுந்தியாள் கல்யாணத்துக்குக் கிளம்பும் நேரம் வந்துவிட்டது.

"வயரிங் மட்டும்தான் பாக்கி அண்ணாச்சி. உங்க ஊர் எலக்ட்ரீசியனே பாத்துருவாரு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. மொதல்ல பேட்டரியைக் கழட்டி வச்சிரணும். சிவப்பு வயரு பியூஸ் வழியா வரணும். என்ன கோளாறு வந்தாலும் மொதல்ல பியூஸ்தான் எரியணும், எரியாத பியூஸ் இருந்தும் பிரயோசனம் கெடையாது. கருப்பு வயரு எர்த்து. எல்லாம் முடிஞ்ச பொறவு, கேபினுக்குள்ள காத்து வர்ற ஓட்டையெல்லாம் அடைச்சிருங்க. கதவைச் சும்மா சும்மா தெறக்காதீங்க, குளிரு போயிரும். நான் சொன்னதை மட்டும் செய்யுங்க. வேற எதுவும் செய்யாண்டாம்."

ஞானதுரை செய்த ஒரே தப்பு அந்தக் கடைசி வார்த்தைதான். ஆத்தியடிப்பட்டிக்காரரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

ஊர் எலக்ட்ரீசியன் பெயர் ஐகோர்ட் மகாராஜா. அவர் பிறந்த அன்றைக்கு அவருடைய அப்பா ஐகோர்ட்டில் ஒரு வரப்புக் கேஸை ஜெயித்திருந்தார். வீட்டுக்கு வயரிங், கோயில் கொடைக்கு சீரியல் செட், இரண்டிலும் கை தேர்ந்தவர். வண்டி வேலை அவருக்குப் புதிது. ஆனால் கரண்டு எங்கே ஓடினாலும் கரண்டுதானே என்றார். கூடவே தவசிலிங்கத்தின் லோடுமேன் சொரிமுத்தும் சேர்ந்துகொண்டான்.

முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள். கழற்றி வைக்கச் சொன்ன ஞானதுரை, எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. வெயிலில் வைக்க மனமில்லாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்து, தலைமாட்டில் ஃபேனையும் போட்டுவிட்டார் தவசிலிங்கம்.

அடுத்தது பியூஸ். ஞானதுரை அஞ்சு கொடுத்திருந்தார்.

"எரியாத பியூஸ் பிரயோசனம் இல்லைன்னாருல்லா?" என்றார் மகாராஜா. "இதுல எது எரியும், எது எரியாதுன்னு மொகத்தைப் பாத்தாத் தெரியுமா?"

"எரிச்சுப் பாத்தாத் தெரிஞ்சிட்டுப் போவுது" என்றான் சொரிமுத்து.

கட்டிலில் இருந்த பேட்டரியில் இரண்டு வயர்த் துண்டுகளை மாட்டி, நடுவில் ஒவ்வொரு பியூஸாக வைத்தார்கள். முதல் பியூஸ் பளிச்சென்று எரிந்தது. மூவருக்கும் மகிழ்ச்சி. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எல்லாமே தங்கமான பியூஸ்கள், வைத்த மாத்திரத்தில் எரிந்தன. ஐந்தாவதை வைக்கும்போது ஒரு வயர் கழன்று கிடந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. பியூஸ் எரியவே இல்லை.

"அஞ்சுல ஒண்ணு கள்ளச் சரக்கு" என்று மகாராஜா தலையை ஆட்டினார்.

எரிந்த நாலும் இனி ஆகாது. வேறு வழியில்லாமல், மனசே இல்லாமல், அந்தக் கள்ளச் சரக்கையே மாட்டினார்கள். மாட்டும்போது தவசிலிங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கெட்டுப்போன பியூஸை நம்பி எப்படி மனைவியைக் கூப்பிடுவது?

கருப்பு வயரில்தான் மகாராஜா தன் திறமையைக் காட்டினார்.

"ஏசி போடுத வீட்டுக்கு எர்த்துக் குழி இல்லாம நான் வயரிங் பண்ணினதே கெடையாது. குழி தோண்டணும். உப்பு, கரி, தண்ணி, மூணும் வேணும்."

கரிக்கா பஞ்சம்? வண்டிக்குப் பக்கத்தில் இடுப்பளவு குழி தோண்டி, கரியும் உப்பும் மண்ணுமாக நிரப்பித் தண்ணீர் ஊற்றினார்கள். கருப்பு வயர் குழி வரைக்கும் எட்டவில்லை. மகாராஜா இன்னொரு வயரை எடுத்து, இரண்டு வயர்களின் முனைகளையும் சீவி, வண்டிச் சட்டத்தில் இருந்த ஒரு போல்ட்டில் வைத்து முறுக்கி, மிச்சத்தைக் குழிக்குள் இறக்கினார். வண்டிக்கு வேண்டிய எர்த்து அந்தப் போல்ட்டிலேயே கிடைத்துவிட்டது. இதை அவர்களிடம் எடுத்துச் சொல்ல அங்கே ஆளில்லை.

வேலை முடிந்தது. தவசிலிங்கம் சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் திருகினார். வண்டி கல்லுப்பிள்ளையாராக நின்றது.

"பேட்டரி இல்லாம எப்படி ஓடும்?" என்றான் சொரிமுத்து.

"அதைக் கழட்டி வைக்கத்தான சொன்னாரு? திருப்பி மாட்டச் சொல்லலையே" என்றார் தவசிலிங்கம். "வேற எதுவும் செய்யாண்டாம்னும் சொல்லிட்டாரு."

மூவரும் நெடுநேரம் யோசித்து, கடைசியில் கல்யாண வீட்டில் இருந்த ஞானதுரைக்குப் போன் போட்டார்கள். மேளச்சத்தத்துக்கு நடுவில் அவர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மெதுவாக, "மாட்டுங்கய்யா" என்றார்.

மாட்டினார்கள். இன்ஜின் உறுமியது. சுவிட்சைப் போட்டதும் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து பனிக்காற்று வந்து தவசிலிங்கத்தின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆவுடைத்தாய் கையால் ரசம் சாப்பிட்டது போல இருந்தது அவருக்கு.

"இருங்க அண்ணாச்சி, ஓட்டையை அடைக்க வேண்டாமா?" என்றார் மகாராஜா.

சொரிமுத்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு உள்ளே ஏறினான். புகை ஆடுகிற இடமெல்லாம் ஓட்டை. பெடல் பக்கம் ஆடியது, எம்சீலைப் பிசைந்து அடைத்தார்கள். கதவு இடுக்கில் ஆடியது, ரப்பர் வைத்து அடைத்தார்கள். குளிர்ப்பெட்டியின் வாய்க்கு முன்னால் நீட்டியபோது ஊதுபத்தி அணைந்தே போய்விட்டது.

"அடேயப்பா! இதுதான் இருக்குததுலயே பெரிய ஓட்டை" என்றான் சொரிமுத்து.

தவசிலிங்கம் தயங்கினார். "இது ஏசிக்காத்து இல்லையா மகராசா?"

"காத்து வர்ற ஓட்டையெல்லாம்னுதான சொன்னாரு? இந்தக் காத்து, அந்தக் காத்துன்னு பிரிச்சா சொன்னாரு?"

அதையும் ஒரு தகர மூடியை வைத்து, எம்சீல் அப்பி அடைத்தார்கள். இப்போது கேபினுக்குள் காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை.

கிளம்பலாம் என்றால் வண்டி குழியோடு கட்டிக் கிடக்கிறது. வயரை அறுத்தால் எர்த்து போய்விடும். குழியைக் கிளப்ப முடியாது. தவசிலிங்கத்துக்கே ஒரு யோசனை தோன்றியது. குழியில் இருந்ததை எல்லாம் ஒரு டிரம்மில் அள்ளி, டிரம்மை வண்டியின் பின்னால் ஏற்றி, எர்த்து வயரை அதற்குள் புதைத்தார்கள். ஈரம் காயாமல் இருக்க ஒரு குடம் தண்ணீரோடு சொரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி, இது நம்ம ஊரு மண்ணு. ஊர் எல்லை தாண்டுனா செல்லுமா?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"பொண்ணு எடுத்த ஊருதானல, செல்லும்" என்றார் மகாராஜா.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. முன்னால் தவசிலிங்கமும் மகாராஜாவும் அடைத்த கேபினுக்குள் வெந்துகொண்டு போனார்கள். வேர்வை கண்ணில் இறங்கியது. 'இன்றைக்கும் அவள் கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விடுவாள், திங்கட்கிழமை தீப்பெட்டி ஆபீஸ்' என்று நினைத்து நினைத்து தவசிலிங்கம் உருகினார். மாமியார் ஊர் கண்மாய் தெரிந்த நேரத்தில், ரோட்டில் ஒரு பள்ளம். வண்டி குதித்தது. காயாத எம்சீலோடு தகர மூடி பிய்ந்து பறந்து மகாராஜாவின் நெற்றியில் போய் அறைந்தது. அடைபட்டுக் கிடந்த குளிர் குபுகுபுவென்று வந்தது.

"சேத்து வச்ச குளிரு அண்ணாச்சி!" என்று நெற்றியைத் தடவிக்கொண்டே கத்தினார் மகாராஜா. "இதுக்குத்தான் அடைக்கச் சொல்லியிருக்காரு!"

மாமியார் வீட்டு வாசலில் நிற்கும்போது கண்ணாடியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, இருவரும் கதவைக் கொஞ்சமாகத் திறந்து நழுவி இறங்கி உடனே சாத்தினார்கள். ஆவுடைத்தாய் வந்தாள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. மறு கையையும் வைத்தாள். தெருவே கூடி வந்து ஆளுக்கொரு இடமாகத் தொட்டுப் பார்த்தது.

"பொட்டியை எடுத்துட்டு வாரேன்" என்றாள்.

தவசிலிங்கம் ஓடிப்போய் அவளுக்காகக் கதவுப் பிடியில் கை வைத்தார்.

"அண்ணாச்சி, தெறக்காதீங்க!" என்று மகாராஜா பாய்ந்து கையைப் பிடித்தார். "நாம எறங்கினதுலயே எவ்வளவு போச்சோ! மதினி ஏற ஒரு தடவை, நீங்க ஏற ஒரு தடவைன்னு தெறந்தா மிச்சம் என்ன இருக்கும்?"

"அவ ஏறத்தான இதைச் செஞ்சோம்?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் ஆவுடைத்தாய். "வண்டி குளுந்தா வருவேன்னுதான சொன்னேன்? எனக்குக் குளுரணும்னா சொன்னேன்? அது பாட்டுக்குக் குளுந்துக்கிட்டு இருக்கட்டும்."

இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்ப்பாள்? தவசிலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆவுடைத்தாய் பின்னால் ஏறி, டிரம்மைப் பிடித்துக்கொண்டு, குடையை விரித்து உட்கார்ந்தாள். ஹேண்ட் பிரேக்கை எடுக்க மட்டும் சொரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு, கதவைச் சாத்தியதில் இறங்கியிருந்த கண்ணாடி இடுக்கில் கையை விட்டான். பிறகு மூவரும் பின்னால் நின்று தள்ளினார்கள். நல்லவேளை, அது நேர் ரோடு. ஏசி ஓட, இன்ஜின் ஓட, கேபினில் ஒரு ஈ காக்கை இல்லாமல் வண்டி ஊரை நோக்கி நகர்ந்தது.

கொஞ்ச தூரம் போனதும் ஆவுடைத்தாய் திரும்பிக் கேபினை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, சீட்டெல்லாம் பாவம், குளுர்ல வெறைச்சுப் போயிருக்குமே. எம் பொட்டியில ஒரு கம்பளி இருக்கு."

வண்டியை நிறுத்தினார்கள். உள்ளே போர்த்தக் கதவைத் திறக்க வேண்டும், அது ஆகாது. மகாராஜா கம்பளியை வெளியிலிருந்தே கேபினின் மேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்துக் கட்டினார்.

"முன் கண்ணாடியும் மறைஞ்சு போச்சே, ரோடு எப்படித் தெரியும்?" என்றார் தவசிலிங்கம்.

"உள்ள யாரு இருக்கா அண்ணாச்சி, பாக்குததுக்கு?"

அது நியாயமாகப் பட்டது. மூவரும் மறுபடியும் தள்ள ஆரம்பித்தார்கள்.